மடித்து வைத்த பலகை: நம் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

நம் கண்காட்சிக்கு, நியூசிலாந்தின் அந்தக் காலத்துக் காணி அமைச்சர் ஜோன் மெக்கன்சியைப் பற்றி என் மகள் இரண்டு பலகை செய்தாள். அதில் இரண்டாவதை மண்டபத்துக் குசினிக் கதவுக்குப் பின்னால், கதிரை அடுக்கும் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் கண்டெடுத்தேன். நடுவால் மடித்திருந்தது. மடிப்பு விழுந்தது வடதீவின் வரைபடத்தில். மூன்று இரவு இருந்து சிவப்புப் பென்சிலால் அவள் நிரப்பிய பகுதி இரண்டாகப் பிளந்து கிடந்தது. கண்காட்சி தொடங்க இன்னும் இருபது நிமிடம். முதலாவது பலகை மட்டும் வாசலுக்கு நேரே, நிறைகுடத்துக்குப் பக்கத்தில், வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி நின்றது.

நான் அப்போது சத்தம் போடவில்லை. பிள்ளைகள் தேவாரம் பாட வரிசையில் நின்றார்கள். மகளும் அந்த வரிசையில்தான் நின்றாள். பலகையைக் காருக்குள் வைத்துவிட்டு வந்து கடைசி வரிசையில் இருந்தேன். அன்றிரவு உங்களில் ஒருவர் போன் எடுத்தார். "அண்ணை, பிழையா நினைக்காதேங்கோ. வெள்ளைக்கார ஆக்கள், கவுன்சில் ஆக்கள் எல்லாம் வந்தவை. காணிப் பிரச்சினையை இஞ்ச ஏன் கிளறுவான்? நாங்கள் வந்த சனம்."

அதற்குப் பிறகு இரண்டு மாதம் பொறுத்தேன். இரண்டு மின்னஞ்சல் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. போன கிழமை உங்கள் சுற்றறிக்கை வந்தது. பலகைகளைத் தொகுத்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நூலாக அச்சடிக்கப் போகிறீர்களாம். ஜோன் மெக்கன்சியின் பக்கத்துக்கு முதலாவது பலகை போதும் என்று முடிவெடுத்திருக்கிறீர்களாம். பலகையைக் கழற்றியது ஒரு நாள் அவசரத்தில் நடந்த பிழை என்று மன்னித்திருப்பேன். அச்சடிப்பது அவசரத்தில் நடப்பதில்லை. அதனால்தான் எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன்.

மடித்தவர்களில் எத்தனை பேர் அதை வாசித்தீர்கள் என்பது தெரியாது. அதனால் இரண்டு பலகையிலும் இருந்ததை இங்கே சொல்கிறேன்.

ஜோன் மெக்கன்சி 1839இல் ஸ்கொட்லாந்தின் வடக்கு மேட்டுநிலத்தில், ரொஸ்-ஷயரில், ஒரு குத்தகைக் கமக்காரரின் மகனாகப் பிறந்தவர். வீட்டுப் பேச்சு கேலிக், அந்த மேட்டுநிலத்துச் சனத்தின் மொழி. அந்தக் காலத்தில் அங்கே நிலப்பிரபுக்கள் மனிதரை எழுப்பிவிட்டு ஆடு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டு மயிருக்கு விலை இருந்தது, குடியானவனின் வாடகைக்கு அவ்வளவு இல்லை. 1845 மே மாதம் க்ளென்கால்வி என்ற பள்ளத்தாக்கிலிருந்து 18 குடும்பங்களை வெளியேற்றினார்கள். போக இடமில்லாத சனம் குரொய்க் தேவாலயத்தின் முற்றத்தில், கல்லறைகளுக்குப் பக்கத்தில், கம்பு நட்டுத் தறப்பாள் இழுத்துக் கட்டி, பக்கங்களைக் கம்பளியால் மறைத்துத் தங்கியது. தேவாலயச் சன்னலின் கண்ணாடியில் வெளிப்பக்கமாக நின்று கீறி எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு வரி தங்களையே "க்ளென்கால்விச் சனம், பொல்லாத தலைமுறை" என்று சொல்கிறது. தெருவில் விட்டவனை ஏசவில்லை. தாங்கள் செய்த பாவம்தான் இப்படி வந்தது என்று நினைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி இன்றும் இருக்கிறது.

மெக்கன்சியின் குடும்பம் விரட்டப்பட்ட குடும்பம் அல்ல. ஆனால் தேவாலய முற்றத்தில் அந்தச் சனம் கிடந்ததைச் சிறுவனாகப் பார்த்தவர், சாகும்வரை அதை மறக்காதவர் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு ஐந்து வயது.

இந்த இடம் வந்ததும் மகள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அப்பா, இது நீங்கள் சொல்லுற அதே தறப்பாளா?" முகாமில் எங்கள் தலைக்கு மேல் இருந்த அதேதான் என்றேன். நிறம் வேறாக இருந்திருக்கும்.

1860இல் அனி மன்ரோவைக் கலியாணம் செய்து, அதே வருடம் கப்பலேறி நியூசிலாந்தின் தென்தீவில் உள்ள ஒட்டாகோவுக்கு வந்தார். கையில் பெரிதாக ஒன்றுமில்லை. திமிங்கில வேட்டைத் தளங்கள் வைத்துப் பணம் சேர்த்த ஜொனி ஜோன்ஸ் என்பவரின் புகெட்டாபு ஆட்டுப் பண்ணையில், பால்மர்ஸ்டனுக்குப் பக்கத்தில், மேய்ப்பனாகச் சேர்ந்தார். ஆட்டுக்காக மனிதர் விரட்டப்பட்டதைக் கண்டவருக்கு முதல் வேலை ஆடு மேய்ப்பது. பிறகு அதே பண்ணைக்கு மேலாளர். பிறகு ஷாக் பள்ளத்தாக்கில் சொந்தக் கமம். ஊர் வீதிச் சபையில் எழுத்தர், 1871இல் ஒட்டாகோ மாகாண சபை, 1881இல் பாராளுமன்றம். 1891இல் லிபரல் அரசு வந்தபோது காணி அமைச்சர். 1900 வரை அந்தக் கதிரையில் இருந்தார். அங்கே வந்து சேர்ந்தது ஒரு மேய்ப்பன் என்பதைக் கவனியுங்கள். சட்டம் படித்தவரல்ல, பணக்கார வீட்டுப் பிள்ளையுமல்ல.

அமைச்சராக அவர் செய்ததை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. பெரிய பண்ணைக்காரர்கள் பினாமிப் பேரில் அரச காணியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதை அடைக்கவே 1892 காணிச் சட்டம். நல்ல தரக் காணி என்றால் ஒருவருக்கு 640 ஏக்கர், இரண்டாம் தரம் என்றால் 2,000 ஏக்கர், அதற்கு மேல் எடுக்க முடியாது. இலங்கையில் காணிக்கு உச்சவரம்பு வந்தது 1972இல் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த மனிதர் எண்பது வருடம் முந்தியவர். காசில்லாதவனுக்கு 999 வருடக் குத்தகை, காணிப் பெறுமதியில் வருடத்துக்கு நூற்றுக்கு நாலு வாடகை, அது பிறகு கூடாது. பெரிய கடற்கரை, ஆற்றங்கரை ஓரங்களில் 66 அடி அகலத்துக்குக் காணியைப் பொதுவில் விட்டுவைக்கவும் அதே சட்டம் வழிசெய்தது. நம் ஆக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு போய் நிற்கிற கரைகளில் சில அப்படி மிஞ்சியவை.

பிறகு செவியட் பண்ணை. வட கன்ரபரியில் "ரெடி மணி" ரொபின்சன் என்று பேர் வாங்கிய ஒருவருக்கு 84,000 ஏக்கருக்கு மேல் ஒரே பண்ணை. ஆட்டுக்குத்தான் அங்கே குடியுரிமை. அவர் செத்த பிறகு, காணி வரிக்குப் போட்ட மதிப்பு கூடிப்போய்விட்டது என்று வாரிசுப் பக்கம் முறைப்பாடு செய்தது. அப்படியென்றால் நீங்கள் சொல்கிற விலைக்கே அரசு வாங்கிக்கொள்ளும் என்று சொல்லி, 1893இல் ஏறத்தாழ 2,60,000 பவுணுக்கு வாங்கி, துண்டு துண்டாக்கிக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். அங்கே எழும்பிய ஊருக்கு முதலில் மெக்கன்சி என்றே பேர் வைத்தார்கள். அடுத்த வருடமே, நிலப்பிரபு விற்க மறுத்தாலும் நட்டஈடு கொடுத்து அரசு எடுக்கலாம் என்று சட்டம் வந்தது. விவசாயத் திணைக்களம் 1892இல் தொடங்கியதும் அவர் கையால்தான். நான் பதினாறு வருடமாக வட ஒட்டாகோவில் மாடு கறக்கிறேன். விடிய நாலு மணிக்கு மாட்டு மடியில் கறவைக் கப் போடத் தொடங்கினால், பால் லொறி வந்து மாதிரி எடுத்துப் போகிற வரை, இந்த நாட்டின் பால் தொழில் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்த ஒழுங்கின் அடிக்கல்லில் அவர் கையும் இருக்கிறது.

இவ்வளவும் முதலாவது பலகை. வந்த சனத்தில் ஒருவர், உழைத்து முன்னேறியவர், ஏழைக்குக் காணி கொடுத்தவர். உங்களுக்குப் பிடித்தது. எனக்கும் பிடிக்கும்.

(இடையில் ஒன்று. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நீங்கள் பெரிதாக்கி ஒட்டிய படத்தில் இருந்தது டெகாபோ ஏரிக்கரையில் நிற்கும் நாய்ச் சிலை. அது மேய்ச்சல் நாய்களுக்கு வைத்த சிலை. அந்தப் பக்கத்துக்கு மெக்கன்சி நாடு என்று பேர் வந்தது ஜேம்ஸ் மெக்கன்சி என்ற வேறொருவரால். அவர் 1855இல் ஆடு கடத்திப் பிடிபட்டவர். அவருக்கும் கேலிக்தான் தாய்மொழி, அவ்வளவுதான் ஒற்றுமை. காணி அமைச்சருக்குப் பக்கத்தில் ஆட்டுக் கள்ளனின் ஊர்ப் படத்தை ஒட்டிவிட்டு, பிள்ளை சரியாக எழுதியதைக் கழற்றியிருக்கிறீர்கள். நூலில் அந்தப் படமாவது வரக்கூடாது.)

இனி இரண்டாவது பலகை.

குடியேற்றத்துக்குக் காணி வேண்டும். பெரிய பண்ணைகளை வாங்கினால் செலவு கூட. அந்த அரசு மறு பக்கம் பார்த்தது. வடதீவில், இந்த மண்ணின் ஆதிக்குடிகளான மாவோரி இனக்குழுக்களின் கையில் இன்னும் கோடிக்கு மேல் ஏக்கர் மிஞ்சியிருந்தது. 1890களில் மட்டும், மெக்கன்சி காணி அமைச்சராக இருந்த காலத்தில், சுமார் 27 லட்சம் ஏக்கர் மாவோரிக் காணி அரசின் கைக்குப் போனது. பிடுங்கவில்லை, வாங்கினார்கள். கையெழுத்து உண்டு, காசு உண்டு, பற்றுச்சீட்டு உண்டு. அதனால்தான் எப்படி வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மாவோரிக் காணி குழுவின் பொதுக் காணி. அதை 1865இல் தொடங்கிய நீதிமன்றம் ஒன்று தனித்தனி ஆட்களின் பெயருக்கு மாற்றியது. ஊர்க்கோயில் காணியைப் பத்துப் பேர் பெயரில் எழுதிவிட்டு, அதில் ஒருவனைத் தனியே கூப்பிட்டு உன் பங்கை விற்கிறாயா என்று கேட்டால் எப்படி இருக்கும்? அதுதான். நீதிமன்றத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிய செலவு, நில அளவைக் கூலி, எல்லாம் கடனாகி அந்தக் காணி மீதே ஏறும். கடைசியில் 1894இல், மாவோரிக் காணியை அரசைத் தவிர வேறு யாரும் வாங்கக் கூடாது என்று திரும்பவும் சட்டம் கொண்டுவந்தார்கள். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோன எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாங்குகிற முதலாளி ஒருவர்தான் என்றால் அவர் சொல்வதுதான் விலை. செவியட் வாரிசுகளோடு அரசு கணக்குப் பார்த்தது. நிலப்பிரபுவுக்கு நட்டஈடு தீர்மானிக்க வழி வைத்தது. மாவோரிக்கு அப்படி ஒன்றும் இல்லை. கொடுத்த விலை, பண்ணைகளுக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கு.

தனி ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது. சுதேசிகள் விவகாரம் வேறு அமைச்சர் பொறுப்பு, பெரும்பாலான காலம் பிரதமர் செடனே வைத்திருந்தார். ஆனால் வாங்கிய காணியை வெட்டிக் குடியேற்றுகிறவர் காணி அமைச்சர். இன்னும் வேண்டும், கெதியாக வேண்டும் என்று நின்றவரும் அவர்தான். அவர் கண்ணுக்குச் செவியட் பண்ணையும் ஓர் இனக்குழுவின் பொதுக் காணியும் ஒன்றாகவே தெரிந்தன: சும்மா கிடக்கும் பெரிய காணி, உடைத்துப் பங்கிட வேண்டியது. குரொய்க்கில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தவர்களின் பக்கம் தான் நிற்கிறேன் என்றுதான் அவர் கடைசிவரை நம்பியிருப்பார். இங்கே தறப்பாளுக்குக் கீழே போனவர் யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் தன் பலகையில் எழுதிய கடைசி வசனம்: "அவர் நல்லவரா கெட்டவரா என்று என்னால் சொல்ல முடியவில்லை." பதின்மூன்று வயதுப் பிள்ளை. இந்த வசனத்துக்காகவாவது அதை வாசலில் வைத்திருக்கலாம்.

பள்ளி விடுமுறையில் நாங்கள் இருவரும் புகெட்டாபு ஏறினோம். பால்மர்ஸ்டன் ஊருக்குப் பின்னால், ஆட்டு வெளி வழியே, வேலிகளைத் தாண்டித் தாண்டிப் போகிற பாதை. உச்சியில் மெக்கன்சிக்குக் கட்டிய கற்கோபுரம். காற்று அடித்த அடியில் மகளின் தொப்பி பறந்து போய் முட்புதரில் மாட்டியது. அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி மாவோரிப் பிள்ளை, அவள்தான் பேருக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்திருந்தாள். புகெ என்றால் குன்று. டாபு என்றால் புனிதம், விலக்கு, தொடக் கூடாதது, எல்லாம் சேர்ந்த ஒன்று. நம் ஊரில் வைரவர் நிற்கிற ஆலமரத்தைச் சொல்லும்போது வருகிற அதே தொனி. புனிதக் குன்று என்ற பேரும் அதன் தலையில் காணி அமைச்சரின் கோபுரமும்.

கோபுரத்தின் காற்றடிக்காத பக்கத்தில் சாய்ந்திருந்து அவள் கேட்டாள், ஜொனி ஜோன்சுக்கும் முந்தி இது ஆருடையது என்று. தென்தீவின் மாவோரி இனக்குழுவான ங்காய் தாஹு மக்களுடையது என்றேன். 1848இல் கெம்ப் என்ற அரச அதிகாரி அவர்களிடம் எழுதி வாங்கிய உறுதியில் தென்தீவில் 2 கோடி ஏக்கர் போனது. விலை 2,000 பவுண். அவர்களுக்கென்று ஒதுக்குவதாகச் சொன்ன காணிகளைக் கடைசியில் அளந்து பார்த்தால் 6,359 ஏக்கர். (இது மெக்கன்சி செய்ததல்ல. அப்போது அவருக்கு எட்டு வயது, ஸ்கொட்லாந்தில் இருந்தார். ஆனால் அவர் ஆடு மேய்த்ததும் கமம் செய்ததும் அந்தக் காணியில்தான்.) மகள் போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். அந்தக் காலத்தில் ஒரு பவுணுக்கு 240 பென்னி. வகுத்துப் பார்த்துவிட்டு, பிழை என்று நினைத்து இன்னொருமுறை வகுத்தாள். ஒரு பென்னிக்கு நாற்பது ஏக்கருக்கு மேல். 150 வருடம் வழக்காடி, மனுப் போட்டு, 1998இல்தான் அந்த மக்களுக்கு அரசு சட்டப்படி மன்னிப்புக் கேட்டுத் தீர்வு கொடுத்தது.

என்னைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் இவன் ஏன் இவ்வளவு கொதிக்கிறான் என்று கேட்பீர்கள்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு. அப்பாவுக்கு 14 பரப்புச் செம்மண் காணி, கிணற்றோடு. ஒரு போகம் வெங்காயம், ஒரு போகம் மிளகாய், வரம்போரம் வாழை. 1990 ஜூனில் யுத்தத்தால் ஊரோடு எழும்பினோம். அம்மா எடுத்தது அரிசி. அப்பா எடுத்தது காணி உறுதி. பொலித்தீன் பைக்குள் போட்டு, நூலால் கட்டி, சேட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். முகாமிலும் அதைத் தலையணைக்குக் கீழேதான் வைத்திருந்தார். மழை ஒழுகினால் எங்களை எழுப்ப முந்தி அதைத்தான் எடுத்து உயரத்தில் வைப்பார். காணி இராணுவ வேலிக்குள் போய்விட்டது. இருபத்துமூன்று வருடம் கழித்து, 2013இல், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாக அறிவித்தல் ஒட்டினார்கள். மச்சான் ஒருவன் படம் எடுத்து அனுப்பினான். மரத்தில் ஒட்டிய தாள். காணிச் சொந்தக்காரரை இனங்காண முடியவில்லை என்று அதில் இருந்தது. அப்பா அப்போது சில மைல் தூரத்தில், வாடகை வீட்டுத் திண்ணையில், உறுதியோடு இருந்தார். நீதிமன்றம் போன ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். வழக்கு முடிய முந்தி அவர் முடிந்தார்.

அன்றிலிருந்து சட்டப்படி, முறைப்படி, தாள்படி என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது. நம் சங்கத்தில் என்னைப் போன்ற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். உங்களில் இரண்டு பேர் வீட்டிலும் அந்தப் பொலித்தீன் பை இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் அதே மண்டபத்தில் விளக்கேற்றி, எங்கள் காணி எங்களுக்கு என்று சொல்கிறோம். அந்த மண்டபத்தின் குசினிக் கதவுக்குப் பின்னால் இன்னொரு சனத்தின் காணிக் கதையை மடித்துச் செருகியிருக்கிறோம். இதுதான் என் முறைப்பாடு. படம் கிழிந்ததல்ல.

"நாங்கள் வந்த சனம்" என்றீர்கள். வந்த சனம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். மெக்கன்சியும் வந்த சனம்தான். வந்த சனத்துக்குக் காணி கிடைக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று கேளாமல் விட்டதுதான் அவர் கதையில் இருக்கிற ஓட்டை. அவரைச் சாதனையாளர் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அந்த ஓட்டையையும் அவர்களுக்குப் பழக்குகிறோம்.

இன்னொன்று. வந்தவர் எல்லாரும் அங்கே ஒரே வந்தவர் அல்ல. மெக்கன்சி அமைச்சராக இருந்த அதே அரசு, 1896இல் சீனர் தலைக்கு வரியை 100 பவுணாக்கியது. ஒட்டாகோவின் தங்க வயல்களில் பாடுபட்ட சனம் அது. 1899இல் வந்த குடிவரவுச் சட்டம், பிரித்தானிய, ஐரிஷ் வழிவராத ஒருவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் உள்ளே வர முடியாது என்றது. என் அப்பப்பா அன்று போட் சாமர்சில் வந்து இறங்கியிருந்தால், தமிழில் கணக்கெழுதுகிற அந்தக் கமக்காரனை அடுத்த கப்பலில் ஏற்றியிருப்பார்கள். கேலிக் பேசிய மேய்ப்பன் அமைச்சராகலாம், தமிழ் பேசிய கமக்காரன் துறைமுகத்தைத் தாண்ட முடியாது. முதலாவது பலகைக்கு முன்னால் நின்று நாமும் இவரைப் போலத்தான் என்று உங்கள் பேச்சாளர் சொன்னபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்கார விருந்தினர் சங்கடப்படுவார்கள் என்று பயந்தீர்கள். 2023இலிருந்து இந்த நாட்டின் பள்ளிகளில் இந்த மண்ணின் வரலாறு கட்டாயப் பாடம், காணி போன கதை உட்பட. மகள் தன் தகவல்களைத் தேடத் தொடங்கியதே வகுப்பு வேலைக்காக. அவளுடைய ஆசிரியர், தலைமுறை தலைமுறையாக இங்கே கமம் செய்த வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண், அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு மாவட்டம் விடுபட்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். கண்காட்சிக்கு வந்த விருந்தினர் எவரும் நம்மிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. அவர்கள் சங்கடப்படுவார்கள் என்று நாமே நினைத்து, நாமே மடித்தோம்.

அதனால் கேட்பவை இவை.

நூல் அச்சுக்குப் போக முந்தி இரண்டு பலகையையும் சேர்த்துப் போடுங்கள். இடம் காணாது என்றால் முதலாவதில் பாதி, இரண்டாவதில் பாதி போடுங்கள். அதுவும் முடியாது என்றால் மெக்கன்சியின் பக்கத்தையே எடுத்துவிடுங்கள். என் மகளின் பேரில் பாதிக் கதை வெளிவர நான் சம்மதிக்கவில்லை. இது எழுத்து மூலமான மறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாய்ப் படத்தை எடுங்கள்.

பிள்ளைகளின் வேலையில் எதையும் கழற்றுவதென்றால் கழற்ற முந்தி அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் காரணம் சொல்ல வேண்டும் என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நீங்கள் கொண்டுவராவிட்டால் நான் கொண்டுவருவேன். வழிமொழிய ஆள் இருக்கிறது.

அடுத்த வருடக் கண்காட்சிக்கு இந்த மண்ணின் மாவோரிப் பெரியவர்களை முறைப்படி அழையுங்கள். விளக்கேற்றி முடிந்த பிறகு பின்வரிசையில் இருத்தப்படும் விருந்தினராக அல்ல. தொடக்க உரை அவர்களுடையதாக இருக்கட்டும். அழைக்கும் முறையை நான் கேட்டறிந்து சொல்கிறேன், கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கவும் தயார்.

கடைசியாக, என் மகளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவளுக்கு. தமிழில் எழுதுங்கள், அவளுக்கு வாசிக்கத் தெரியும், அதைப் படிப்பித்தது நீங்கள்தான். ஏன் கழற்றினீர்கள் என்பதைச் சுற்றிவளைக்காமல் எழுதுங்கள். அன்றைக்குத் தேவாரம் பாடிவிட்டு இறங்கி வந்தவள் நேரே தன் பலகை நின்ற இடத்துக்குத்தான் போனாள். அங்கே பூச்சாடி இருந்தது.

இந்த மாத முடிவுக்குள் பதில் வேண்டும். பலகை இப்போது எங்கள் கராஜில், கம்பூட்சுகளுக்கு மேலே, மடிப்பு நிமிர வேண்டுமென்று இரண்டு தீவன மூட்டைக்குக் கீழே கிடக்கிறது. எடுத்துப்போக வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைக் கறவை முடிந்து, பத்து மணிக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முந்தி வந்தால் வீட்டில் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினரும்
தமிழ்ப் பள்ளி மாணவி ஒருத்தியின் தகப்பனும்